கீழே கூப்பிட்டா மேலே கேட்கணும்!

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு இன்டர்காம்

வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிட, வாசலில் நிற்பது யாரென்று பார்க்க, கேட்டைத் திறக்க, மோட்டாரைப் போட என்று இன்டர்காம் பற்றி வாசகர்கள் கேட்ட சில கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: அம்மாவுக்கு வயது 74. அவர் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். முட்டி வலியால் படி ஏற முடியாது. செல்போனை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று அலெக்சா ஸ்பீக்கர் வைத்தால் இன்டர்காம் மாதிரிப் பயன்படுமா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.
– வாசகி, திருச்சி

பயன்படும். ஆனால் கட்டளையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் எக்கோவுக்கு (அலெக்சா இயங்கும் ஸ்பீக்கரின் பெயர் அது) புரியாது. சேதியை மட்டும் தமிழில் சொல்லலாம், அதற்குத் தடையில்லை.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று ‘அனௌன்ஸ்’. “அலெக்சா, அனௌன்ஸ்” என்றால் என்ன சேதி என்று கேட்கும். “தோசை ஆறுது, இறங்கி வாங்க” என்று சொன்னால் அந்தக் குரலையே பதிவு செய்து வீட்டிலுள்ள மற்ற எக்கோக்களில் ஒலிக்க விடும். மொழிபெயர்ப்பு வேலை எதுவும் இல்லாததால் தமிழானாலும் சௌராஷ்டிரமானாலும் அதற்கு ஒன்றுதான். கூகுள் ஸ்பீக்கரில் இதற்குப் பெயர் ‘பிராட்காஸ்ட்’. இரண்டுமே ஊதுகுழல் மாதிரி, ஒருவழிப் பாதை.

இரண்டாவது ‘டிராப் இன்’. இதுதான் நிஜமான இன்டர்காம். மறுமுனையில் யாரும் எதையும் எடுக்க வேண்டாம். லைன் தானாகத் திறந்துகொள்ளும், இருபக்கமும் பேசலாம். அலெக்சா ஆப்பில் ‘டிவைசஸ்’ பகுதியில் ஸ்பீக்கரைத் தொட்டு, செட்டிங்ஸில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். அதற்குள் இருக்கும் டிராப் இன்னில் வீட்டாருக்கு மட்டும் என்ற தேர்வை வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் மறந்தாலும் இன்டர்காம் சரியாக வேலை செய்யாது.

மாடி ஸ்பீக்கருக்கு ‘மாடி’ என்றே பெயர் வைக்கத் தோன்றும். வேண்டாம், பத்தில் நாலு தடவை வேறு எதையோ கேட்டதாக எடுத்துக்கொள்ளும். ‘அப்ஸ்டேர்ஸ்’ என்று வையுங்கள். “அலெக்சா… டிராப் இன்… அப்ஸ்டேர்ஸ்” என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஸ்பீக்கருக்கு மேலே ஒட்டிவிடுங்கள். முடிக்க “அலெக்சா, ஹேங் அப்”. ‘அலெக்சா’ சொன்னதும் நீல விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்லப் பழக்குங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். “ஏ அலெக்சா, கொஞ்சம் மேல பேரனைக் கூப்பிடேன்” என்று மரியாதையாகக் கேட்டால் வேலைக்கு ஆகாது.

ஒரு பொறி இருக்கிறது. இரவில் தொந்தரவு வேண்டாமென்று மாடி ஸ்பீக்கரில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ நேரம் குறித்து வைப்பீர்கள். அது இயங்கும் நேரத்தில் டிராப் இன்னும் வராது, அனௌன்ஸும் வராது. அம்மாவுக்கு நீங்கள் அதிகம் தேவைப்படும் நேரமோ ராத்திரி இரண்டு மணி. ஆகவே மாடியில் ஒரு ஸ்பீக்கராவது டி.என்.டி. இல்லாமல் இருக்கட்டும். நெட் போனாலும் இது பேசாது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே வீட்டில் இருந்தாலும் சொன்ன சொல்லைப் புரிந்துகொள்வது வெளியூர் சர்வர்தான். அவசரத்துக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். கட்டிலோரம் ஒரு அழுத்து பட்டன், மாடியில் ப்ளக்கில் செருகும் வயர்லெஸ் மணி என்று ஒன்று வாங்கி வையுங்கள். அதற்கு நெட் வேண்டாம், வைஃபை வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். பட்டனுக்குள் இருக்கும் பேட்டரியை மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை பாருங்கள்.

கே: மகன் பெங்களூரில் இருக்கிறான். எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் ஸ்பீக்கர் வைத்தான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று “என்னப்பா சண்டை?” என்று அவன் குரல் கேட்கிறது. எப்படி நிறுத்துவது?
– வாசகர், கும்பகோணம்

ஒரே கணக்கில் ஸ்பீக்கரைச் சேர்த்திருப்பதால் அவனும் ‘வீட்டார்’ ஆகிவிடுகிறான். டிராப் இன்னை ‘ஆஃப்’ செய்யச் சொல்லுங்கள், அல்லது நீங்களே ஆப்பில் செய்யுங்கள். அதற்குப் பிறகு சாதாரண அழைப்புதான்: மணி அடிக்கும், “அலெக்சா, ஆன்ஸர்” என்று சொன்னால்தான் லைன் திறக்கும். உடனடி வழி, ஸ்பீக்கர் தலையில் உள்ள மைக் பட்டனை அழுத்துவது. சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் கிடையாது. திரையுள்ள எக்கோ ஷோ என்றால் கேமராவின் மேல் தள்ளி மூடும் ஒரு சின்ன மூடியும் இருக்கும். பெற்றோர் படுக்கையறையில் டிராப் இன் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. கூடத்தில் வைத்தால் போதும்.

கே: வீடு கட்டுகிறோம். கான்க்ரீட் முடிந்து, சுவரில் காடி எடுக்கிறார்கள். கேட்டில் வீடியோ டோர் போன் வரப்போகிறது. எந்த மாடல் என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு என்ன வயர் போட்டு வைக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மாடலைப் பிறகு மாற்றலாம், சுவரைத் திரும்ப உடைக்க முடியாது.

கேட் தூணிலிருந்து கூடத்துக்கு 25 மி.மீ. பைப் ஒன்று தனியாக. அதற்குள் இரண்டு கேட் 6 கேபிள் (இது நெட்வொர்க் கேபிள், வாசல் கேட் இல்லை), பூட்டுக்கென்று 1.5 சதுர மி.மீ. இரண்டு கோர் வயர் ஒன்று. கூடவே ஒரு நைலான் கயிறையும் விட்டுவையுங்கள், நாளைக்கு இன்னொன்று இழுக்க உதவும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார். விடாதீர்கள். 230 வோல்ட் பக்கத்தில் ஓடினால் படத்தில் குறுக்குக்கோடு ஓடும், பேச்சில் ‘ங்ங்ங்’ என்ற இரைச்சல் வரும். ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும்.

கேட் 6 போட்டுவிட்டால் நாலு வயர் மாடலும் போடலாம், ஐ.பி. மாடலும் (வீட்டு நெட்வொர்க்கிலேயே இயங்குவது) போடலாம். ஐ.பி. என்றால் பி.ஓ.இ. சுவிட்சிலிருந்து (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் பெட்டி) அந்த ஒரே கேபிளில் கரண்டும் படமும் பேச்சும் போகும். 100 மீட்டர் வரை தாங்கும்.

கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை. உள்வயர் ஒன்றை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. விலை குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான். தூரம் போனால் வோல்டேஜ் இறங்கும், நாலைந்து தடவை வளைத்தால் முறியும், பி.ஓ.இ.க்கு ஆகவே ஆகாது. சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்தால் சுத்தத் தாமிரம்.

வெளிப்பெட்டியின் கேமரா தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வரும்படி வையுங்கள். கேட் மேற்குப் பார்த்திருந்தால் மாலை வெயில் நேரே கேமராவுக்குள் விழும்; வந்தவர் முகத்துக்குப் பதில் கறுப்பு நிழல்தான் தெரியும். தூணின் பக்கவாட்டுச் சுவரில், வடக்கோ தெற்கோ பார்த்து வைக்க முடிந்தால் நல்லது.

கே: கேட்டில் உள்ள டோர் போனில் படம் தெளிவு, பேச்சும் நன்று. ஆனால் திறக்கும் பட்டனை அழுத்தினால் பூட்டு ‘டக்’ என்கிறது, திறப்பதில்லை. கேட்டுக்கும் வீட்டுக்கும் 35 மீட்டர். பூட்டு இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. பொருத்தியவர் மூன்றாவதையும் மாற்றலாம் என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

மாற்றாதீர்கள். பூட்டு நல்ல பூட்டுதான். அது பட்டினி கிடக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 0.5 மி.மீ. டெலிபோன் வயர். அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.088 ஓம். 35 மீட்டர் போய், 35 மீட்டர் திரும்பி வர, மொத்தம் 6 ஓமுக்குச் சற்று மேலே. 12 வோல்ட்டில் 1 ஆம்ப் இழுக்கும் பூட்டின் ‘காயிலுக்கு’ (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) தடை 12 ஓம். இரண்டும் வரிசையில் நிற்கும்போது 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை வயரே சாப்பிட்டுவிடுகிறது. பூட்டுக்குப் போய்ச் சேருவது 8 வோல்ட்தான். உள்ளே இருக்கும் கொக்கி அசையும் (அந்த ‘டக்’ அதுதான்), ஆனால் நாக்கை விடுவிக்கும் அளவுக்கு இழுக்காது. கேமராவும் மைக்கும் கொஞ்சமாகவே கரண்ட் எடுப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. அதனால்தான் ‘மற்றதெல்லாம் வேலை செய்கிறதே’ என்று பூட்டின் மேல் பழி விழுகிறது.

உறுதி செய்ய, மல்டிமீட்டரைப் பூட்டின் இரண்டு முனையில் வைத்து, வீட்டுக்குள் ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தாதபோது அளப்பதில் பயனில்லை; கரண்ட் ஓடும்போதுதான் வோல்டேஜ் விழும். அழுத்தும்போது 10.5-க்குக் கீழே போனால் வயர்தான் குற்றவாளி.

தீர்வு மூன்று. பைப்பில் இடமிருந்தால் பூட்டுக்குத் தனியே 1.5 சதுர மி.மீ. இரண்டு கோர் இழுங்கள். தடை ஒரு ஓமுக்குள் அடங்கி, பூட்டுக்கு 11 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். இடமில்லாமல், அதே பைப்பில் சும்மா கிடக்கும் ஜோடி வயர்கள் இருந்தால், பிளஸ்ஸுக்கு இரண்டு, மைனஸுக்கு இரண்டு சேர்த்து முறுக்கினால் தடை பாதியாகும். பல இடங்களில் இதுவே போதுமானதாக இருக்கும். மூன்றாவது, கேட் விளக்குக்குப் போகும் 230 வோல்ட்டிலிருந்து அங்கேயே ஒரு 12 வோல்ட் 2 ஆம்ப் சப்ளையை மழை புகாத பெட்டிக்குள் வைத்து, டோர் போனின் ரிலேயை (திறக்கும் பட்டனை அழுத்தினால் இணையும் உள் சுவிட்ச்) வெறும் சுவிட்சாக மட்டும் பயன்படுத்துவது. ரிலேயில் காம் (பொது முனை), என்.ஓ. (சும்மா இருக்கும்போது இணையாமல் இருப்பது) என்ற இரண்டு முனைகள் வழியாகச் சப்ளையின் பிளஸ் போகட்டும்.

மூன்றாவதில் ஒரு பாதுகாப்புச் சிக்கல். அந்த ரிலே வெளிப்பெட்டிக்குள்ளேயே இருந்தால், நாலு ஸ்க்ரூவைக் கழற்றி இரண்டு வயரை ஒட்ட வைத்தாலே கேட் திறந்துகொள்ளும். திருடனுக்கு இது தெரியும். ரிலே வீட்டுக்குள் இருக்கும் மாடலாக இருந்து, கேட்டுக்கு உட்புறம் சப்ளைப் பெட்டியில் வைத்த தனி ரிலே மாட்யூலை அது இயக்குவது நல்லது.

இன்னொன்று: காயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1 என் 4007 டையோடு போடுங்கள். வெள்ளிக்கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். சில ரூபாய்ச் சாமான்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை விடும்போதும் காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜில் ரிலேயின் முனைகள் கருகும். நாளடைவில் டோர் போன் போர்டே போய்விடலாம். திருப்பிப் போட்டுவிட்டால் ஷார்ட் ஆகும், கவனம்.

இது நொடி நேரம் கரண்ட் கொடுத்தால் திறக்கும் வகைப் பூட்டு. கரண்ட் போனால் பூட்டியபடியே இருக்கும், சாவியால் திறக்கலாம். காந்தப் பூட்டு நேர்மாறு. கரண்ட் போனால் கேட் ‘வாங்க வாங்க’ என்று திறந்துகொள்ளும். அதைப் போட்டவர்கள் 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் பேட்டரி வைத்த சப்ளை கட்டாயம் போட வேண்டும்.

கே: கனடாவிலிருந்து வந்த தம்பி கேமரா வைத்த டோர்பெல் ஒன்று தந்துவிட்டுப் போனார். பழைய கோலிங் பெல் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே வயரில் இதைப் பூட்டலாம் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

தயவுசெய்து நிறுத்துங்கள். வட அமெரிக்க வீடுகளில் மணிக்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பட்டனுக்குப் போவது 16 முதல் 24 வோல்ட் ஏ.சி. மட்டுமே. நம் வீடுகளில் மணி சுவிட்சுக்கு 230 வோல்ட் நேரே வருகிறது. கொடுத்த நொடியில் டோர்பெல் புகைந்துவிடும். விரலால் அழுத்தும் பொருள் என்பதால் ஆபத்தும் பெரிது.

பேட்டரி உள்ள மாடலா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் வயரே வேண்டாம், யு.எஸ்.பி.யில் சார்ஜ் செய்து மாட்டலாம். வயர் மாடல் என்றால் 230 வோல்ட்டை 24 வோல்ட் ஏ.சி. ஆக்கும் 40 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை இங்கேயே வாங்குங்கள். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கானது. இடையில் மணி இல்லாமல் நேரே டிரான்ஸ்ஃபார்மரில் கொடுப்பதாக இருந்தால் சில மாடல்களுக்கு ஒரு ரெசிஸ்டர் தேவை, கையேட்டில் அளவு போட்டிருக்கும். பழைய 230 வோல்ட் மணியை இதால் அடிக்க முடியாது. அதற்கென்று வரும் ப்ளக்-இன் மணியில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் பயமில்லாமல் செருகலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் அது உங்கள் வைஃபையைக் கண்டுபிடிக்காமல் போகலாம். வட அமெரிக்கக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11-ஆம் சேனல் வரைதான் தேடும். ரவுட்டர் 12 அல்லது 13-இல் நின்றால் அதன் கண்ணுக்கே தெரியாது. ரவுட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக நிலைநிறுத்துங்கள்.

கே: இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் ஸ்பீக்கர், டோர்பெல் இரண்டும் மூன்று நிமிடம் செத்துக் கிடக்கின்றன.
– வாசகி, மதுரை

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து, முதலிலிருந்து கிளம்புகிறது. அதன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்ப். அதே வோல்ட்டில், ஆம்ப் அதற்குக் குறையாத மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி இடையில் போட்டால் போதும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்குமே வேண்டும். அப்படியும் நெட் போனால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. தெருக்கோடியில் கேபிள்காரர் வைத்திருக்கும் சுவிட்சுக்கு பேட்டரி இல்லை என்று அர்த்தம்.

கே: ஒன்றரை எச்.பி. போர் மோட்டார். 16 ஆம்ப் வைஃபை சுவிட்ச் போட்டு, “அலெக்சா, மோட்டார் ஆன்” என்று போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஆஃப் சொன்னதும் ஆப்பில் ஆஃப் காட்டுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. டேங்க் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.
– வாசகர், நாமக்கல்

சுவிட்சுக்குள் இருக்கும் ரிலேயின் இரண்டு முனைகளும் பற்றவைத்தது போல் ஒட்டிக்கொண்டுவிட்டன. 16 ஆம்ப் என்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. உங்கள் மோட்டார் ஓடும்போது 10 ஆம்ப் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதுபோல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆப் பொய் சொல்லவில்லை. அது தான் அனுப்பிய கட்டளையைக் காட்டுகிறது, மோட்டாரை அது பார்ப்பதில்லை.

மோட்டார் கரண்ட் எந்த ஸ்மார்ட் சாமான் வழியாகவும் போகக் கூடாது. ஸ்டார்ட்டர் பேனல் இருக்கிறதல்லவா, அந்தப் பச்சை, சிவப்பு பட்டன்களை விரலுக்குப் பதிலாக ரிலே அழுத்தட்டும். இரண்டு சேனல் ‘டிரை கான்டாக்ட்’ மாட்யூல் (தன் கரண்டைத் தராமல் வெறும் சுவிட்சாக இயங்கும் ரிலே) ஒன்று வாங்குங்கள். முதல் சேனலின் என்.ஓ. முனைகளைப் பச்சை பட்டனுக்கு இணையாகவும், இரண்டாவதின் என்.சி. (சும்மா இருக்கும்போது இணைந்தே இருக்கும்) முனைகளைச் சிவப்பு பட்டனோடு வரிசையிலும் கொடுக்க வேண்டும். இரண்டையும் ‘இன்சிங்’ முறையில் (அழுத்திவிட்டுத் தானே விட்டுவிடும்) 1 நொடிக்கு வையுங்கள். பழைய பட்டன்களும் எப்போதும்போல் வேலை செய்யும், வைஃபை இல்லாவிட்டாலும்.

பச்சையை அழுத்திக் கையை எடுத்தபின் மோட்டார் தானே ஓடும் பேனலுக்குத்தான் இது பொருந்தும். கிளம்பும்வரை பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கப்பாசிட்டர் பேனல் என்றால் முதலில் பேனலை மாற்றுங்கள். பேனலுக்குள் எல்லா முனையிலும் 230 வோல்ட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

டேங்கில் ஒரு ஃப்ளோட் சுவிட்சைச் சிவப்பு பட்டன் வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஆன் சொன்னபின் நெட் போய்விட்டால் ஆஃப் சொல்ல ஆள் இருக்காது. ஃப்ளோட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வேறு எங்கேனும் நேரடி வைஃபை சுவிட்ச் வைத்திருப்பவர்கள் ‘கரண்ட் வந்ததும் என்ன நிலை’ என்ற அமைப்பைப் பார்த்து ‘ஆஃப்’ ஆக்குங்கள். ‘ஆன்’ என்று இருந்தால் நள்ளிரவில் கரண்ட் திரும்பும்போது மோட்டாரும் எழுந்துகொள்ளும்.

கே: டோர் போன் கேமராவில் காலையில் பனி படிந்தது போல் மங்கல். பேசினால் கரகரப்பு. கழற்றிப் பார்த்தால் உள்ளே எறும்புக் கூடு!
– வாசகி, நாகர்கோவில்

போர்டின் இளஞ்சூடு எறும்புக்குப் பிடிக்கும். வயர் வரும் பைப் வழியாகத்தான் ஏறும். பைப் வாயைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். பெட்டியின் மேல் விளிம்பிலும் இரு பக்கமும் சிலிக்கான் பூசுங்கள். கீழ் விளிம்பை மட்டும் பூசவே கூடாது. நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் படியும்; உங்கள் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எறும்பு மருந்தை மைக் துளையில் அடிக்காதீர்கள், மைக்கின் சவ்வு போய்விடும். கடல் காற்று உள்ள ஊர் என்பதால் வயர் இணைப்புகளை டேப் சுற்றி விடாமல், ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்துங்கள். பச்சைக் களிம்பு பிடித்த இணைப்பும் கரகரக்கும்.

கே: எங்கள் அடுக்குமாடியில் பழைய இன்டர்காம் போன். 9 அடித்தால் செக்யூரிட்டி. எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஆப் என்று சங்கத்தில் பேச்சு. சரியா?
– வாசகர், சென்னை

ஆப் வரட்டும், போனை எடுக்க வேண்டாம். இரண்டு வயரில் ஓடும் அந்தப் போனுக்குக் கீழே இருக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்தால் போதும்; அதை ஜெனரேட்டர் லைனிலோ ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸிலோ போட்டுவிட்டால் லிஃப்ட் நின்று, நெட் போன நேரத்திலும் 9 அடிக்கும். ஆப் வழியாக வரும் அழைப்பு சில போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பால் தூங்கிவிடுகிறது, டெலிவரிக்காரர் வாசலில் நிற்கிறார். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, ‘ஆட்டோ ஸ்டார்ட்’ அனுமதி கொடுத்தால் அது சரியாகும். பழைய போனில் ஒலி குறைந்திருந்தால் ரிசீவர் சுருள் வயரை மாற்றிப் பாருங்கள், பாதிக் கோளாறு அதில்தான்.